நாஷ்கெல் சுரங்கத்துக்கு ஆறு பேர் எதற்கு?

கேள்வி: அம்பாசமுத்திரம் வாசகர், 2025 ஜூன் 7, சனி

பால்டர்ஸ் கேட் என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தின் முதல் பாகத்தை இப்போதுதான் போனில் ஆடுகிறேன். அதில் வரும் நாஷ்கெல் ஊர் இரும்புச் சுரங்கத்துக்குள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போவது தண்டம் என்பது என் கட்சி. கோபால்ட் என்கிற குட்டி அரக்கன் ஒருவனைக் கொன்றால் கிடைப்பது 7 அனுபவப் புள்ளி. ஆறு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒன்றுதான் தேறும். மூன்று பேரோடு போனால் லெவல் சீக்கிரம் ஏறும், கவனிக்க வேண்டிய ஆளும் குறைவு. எதிரிதான் என்ன பெரிய எதிரி? இடுப்பு உயரம்கூட வராத நாய்மூஞ்சிக் கூட்டம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பதில்: ஜூன் 7, இரவு

மறுக்கிறேன். ஆறு பேருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றால் ஆறு பேரும் தேவை என்றுதான் அர்த்தம். முதல் லெவலில் ஒரு மந்திரவாதிக்கு உயிர் 4. உடல்வலு நன்றாக இருந்தால் 6. ஒரு அம்பு சரியாகப் பட்டால் கதை முடிந்தது. அதிலும் கதாநாயகன் செத்தால் மற்ற ஐந்து பேர் கல்லுக்குண்டாக நின்றாலும் ஆட்டம் அவ்வளவுதான், கடைசியாகச் சேவ் செய்து வைத்த இடத்திலிருந்து லோடு செய்ய வேண்டியதுதான். அவனைச் சுற்றி வேலி கட்டத்தான் ஆள் வேண்டும்.

நான் 2003 முதல் இதை ஆடுகிறவன். ஒரு தூக்க மந்திரம் இருந்தால் சுரங்கம் மொத்தமும் படுத்துவிடும். கடைசியில் வருகிற வில்லன் முலாஹேயையும் தூங்க வைத்து அடிக்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு காலை

நேற்று வீராப்பாக எழுதிவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. 2003இல் நான் இந்த ஆட்டத்தை முடிக்கவே இல்லை என்பது நடுராத்திரியில்தான் ஞாபகம் வந்தது.

பாளையங்கோட்டையில் அத்தான் வீட்டுக் கம்ப்யூட்டர். ஐந்து சிடி. ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போனால் ‘அடுத்த சிடியைப் போடு’ என்று கேட்கும். எங்களிடம் இருந்ததில் ஒன்றில் கீறல். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தோம், தேங்காய் எண்ணெய் தடவினோம், அத்தான் ஊதி ஊதிப் போட்டார். சில இடங்களுக்குள் போக முடிந்தது, சில இடங்களில் திரை அப்படியே நின்றுவிடும். எனவே என் ‘இருபது வருஷ அனுபவம்’ என்பது பாதி கீறல் விழுந்த அனுபவம். சுரங்கத்தில் அத்தான் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மவுஸ் என் கையில் இருந்தது பத்து நிமிஷம்கூட இருக்காது.

சரி, புதிதாக ஆரம்பித்துவிட்டேன். 2012இல் வந்த மறுபதிப்பு, லேப்டாப்பில். என் ஆள் மந்திரவாதி. ஒரு சத்தியமும் செய்துகொண்டேன்: கூட்டாளி யார் செத்தாலும் பழைய சேவுக்குத் திரும்ப மாட்டேன். நடந்தது நடந்ததுதான். கதாநாயகன் செத்தால் மட்டும் விதிவிலக்கு, அது வேறு வழியில்லை.

ஜூன் 8, இரவு

குழு: நான், திருட்டு வேலை தெரிந்த இமோயென், வாள்வீரர்கள் காலித், மின்ஸ்க், அப்புறம் ஜஹீரா. ஆறாவது ஆள் இன்னும் சேரவில்லை. சேர வந்த மாண்டரோன், ஸார் என்ற கெட்டவர்கள் ஜோடியை வழியிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவர்களும் ஜஹீராவும் ஒரே குழுவில் இருந்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் வெட்டிக்கொள்வார்கள். இரண்டு கோஷ்டிக்கும் போக வேண்டிய இடம் என்னவோ அதே நாஷ்கெல்தான்!

காலித்தும் ஜஹீராவும் புருஷன் பெண்டாட்டி. ஒருவரைப் போகச் சொன்னால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். காலித்துக்குப் பேச்சு திக்கும், ஜஹீராவுக்கு எல்லோரையும் அதட்டித்தான் பழக்கம். எங்கள் தெருவில் இதே மாதிரி ஒரு அண்ணாச்சியும் மதினியும் உண்டு. கல்யாண வீட்டில் ஒருவரைப் பந்திக்குக் கூப்பிட்டால் இரண்டு இலை போட வேண்டும்.

நாஷ்கெல்லில் நூபர் என்று ஒருத்தன் உண்டு, மறந்தே போயிருந்தேன். பின்னாலேயே வந்து நச்சரிப்பான். கோபப்படாமல் கடைசிவரை கேட்டு முடித்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும். முருகன்குறிச்சி டீக்கடையில் நான் சம்பாதித்த அனுபவத்துக்கு இதுவரை யாரும் புள்ளி கொடுத்ததில்லை.

ஜூன் 9

ஆயுதம் ஒடிவதைப் பற்றிக் கடையத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அது கோளாறு இல்லை, கதையே அதுதான். அந்த வட்டாரம் முழுக்க இரும்பு கெட்டுக் கிடக்கிறது. சாதாரண இரும்பு வாள் அடிக்கிற அடியில் திடீரென்று முறியும். மாயவாள் முறியாது. தடி, கவண், வில் எல்லாம் மரமும் தோலும் என்பதால் முறியாது. நேற்று ஒரு ஓநாயோடு சண்டை போடும்போது காலித்தின் வாள் இரண்டாகப் போயிற்று. அதற்கப்புறம் அவன் முதுகில் இரண்டு வாள் உபரி, ஜஹீரா கையில் தடி.

இந்த இடத்தில் சித்தப்பா வந்து சேர்ந்தார். பேட்டையில் லேத் பட்டறையில் இருபத்தைந்து வருஷம் இருந்தவர். தோளுக்குப் பின்னால் நின்று ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, “எதுக்குலே ஒடியுது?” என்றார். சுரங்கத்துக்குள் கோபால்டுகள் ஒளிந்துகொண்டு இரும்புத் தாதின் மேல் ஏதோ ஒரு திரவத்தை ஊற்றுகின்றன, அதனால் இரும்பு கெடுகிறது என்றேன்.

“கல்லுலயே கெட்டிருந்தா உருக்குறவனுக்குத் தெரியாதா? அடிக்கிறவனுக்குத் தெரியாதா? அத்தனை பேரும் குருடனா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. சித்தப்பா காபி குடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 11, புதன்

சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டேன். முதல் தளம் சும்மா. தொழிலாளிகள் பயந்துபோய்ப் புலம்புகிறார்கள், இருட்டில் ஏதோ நாய் மாதிரி குரைக்கிறது என்கிறார்கள். ஒருவரையும் விடாமல் பேசுங்கள், பேச்சுக்குக் காசு இல்லை.

இரண்டாம் தளத்தில்தான் அம்பாசமுத்திரத்துக்காரர் சொன்னது உறைத்தது. பாதை அவ்வளவு ஒடுக்கம். ஆனித் தேரன்று வாகையடி முக்கில் மாட்டிக்கொண்ட கதை. முன்னால் இருப்பவர் நகர்ந்தால்தான் பின்னால் இருப்பவருக்கு மூச்சு. காலித்தும் மின்ஸ்க்கும் முன்னால் நின்று வெட்டுகிறார்கள், ஜஹீரா இடம் கிடைக்காமல் பின்னாலேயே தவிக்கிறாள். நானும் இமோயெனும் அவளுக்கும் பின்னால். ஐந்து பேரில் அடிப்பது இரண்டு பேர்.

பழைய பதிப்பில் இது இன்னும் மோசம். வழி மறிக்கப்பட்டிருந்தால் பின்னால் வருகிறவன் ‘வேறு பாதை இருக்கும்’ என்று தானாக முடிவெடுத்துச் சுரங்கத்தை ஒரு சுற்று சுற்றிவரக் கிளம்பிவிடுவான். போகிற வழியில் தனியாகக் கோபால்டுகளிடம் சிக்குவான். அத்தான் அமைப்புப் பலகையைத் திறந்து, வழி தேடும் எண்ணை 4000த்திலிருந்து 32000 ஆக்கி வைத்தார். கம்ப்யூட்டர் திணறியதே தவிர ஆட்கள் திருந்தவில்லை. மறுபதிப்பில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளி வழி விட்டுக்கொள்கிறார்கள், அது பெரிய உபகாரம்.

ஆனாலும் என் கட்சியை விடவில்லை. இடம் கிடைக்காதவன் கையில் வில்லைக் கொடுங்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் எல்லோரும் அம்பு. இந்த ஆட்டத்தில் ஆரம்ப லெவல்களில் வில்லைப் போல உபயோகமானது எதுவும் இல்லை. நண்பன் முதுகில் அம்பு படாது. நிஜத்தில் படும்.

ஜூன் 11, பின்னிரவு

இமோயெனை ஓடவிடாதீர்கள். தரையில் மறைத்து வைத்த பொறியைத் தேடும் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினால் பிரயோசனம் இல்லை. ஒரு ரவுண்டு என்பது 6 நொடி. அந்த ஆறு நொடிக்கு ஒருமுறைதான் அவள் தரையைப் பார்க்கிறாள். நாலடி நட, நில், ஆறு எண்ணு, அப்புறம் நட. நான் மூன்று எண்ணினேன்.

ஜூன் 14, சனி

காலித் செத்துவிட்டான்.

கீழே போகப் போகச் சாதாரண கோபால்டுகளோடு இன்னொரு வகை வருகிறது: கோபால்ட் கமாண்டோ. தீ அம்பு விடுகிறவன். தூரத்திலிருந்து பார்த்தால் உருவத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது, அம்பு வரும்போதுதான் தெரியும். நான் ‘நாய்மூஞ்சிதானே’ என்று காலித்தைத் தனியாக முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் கிடந்த சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்பேஸ் பாரைத் தட்டி ஆட்டத்தை நிறுத்துவதற்குள் மூன்று தீ அம்பு. அவன் கேடயம், கவசம், உபரி வாள் எல்லாம் தரையில் கிடக்க, படம் சாம்பல் நிறமாகிவிட்டது. அடி ரொம்பப் பலமாக இருந்தால் ஆள் சிதறியே போவான், அப்புறம் எந்தக் கோயிலாலும் எழுப்ப முடியாது. நல்லவேளை அப்படி ஆகவில்லை. நாஷ்கெல்லில் ஹெல்ம் கோயில் இருக்கிறது, பணம் கொடுத்து எழுப்பிக்கொள்ளலாம்.

சத்தியம் செய்ததால் லோடு செய்யவில்லை. மேலே ஏறிக் கோயிலுக்குப் போகலாம்தான், ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்பவும் அத்தனை இருட்டா? சாமான்களை மின்ஸ்க் தலையில் கட்டிவிட்டு நாலு பேராகத் தொடர்ந்தேன்.

கமாண்டோவைக் கொன்றதும் அவனிடமிருந்து அந்த அம்புகளைப் பொறுக்க மறக்காதீர்கள். அவன் தீ அம்பு அவனுக்கே.

ஜூன் 14, இரவு

அம்பாசமுத்திரத்துக்காரர் ஒரு யோசனை சொல்கிறார்: செத்த காலித்தைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டால் ஜஹீரா மட்டும் தங்குவாளாம். ஜோடியைப் பிரிக்கப் பழைய ஆட்டக்காரர்கள் செய்கிற வேலைதான் அது, நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் மனசு வரவில்லை. மதினி முகத்தில் எப்படி முழிப்பது?

ஜூன் 15, ஞாயிறு

7ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தூக்க மந்திரம் முலாஹே மேல் வேலை செய்யாது. சின்ன லெவல் ஆட்களுக்குத்தான் அது. கோபால்டுகள் கொத்தாகச் சாயும், அதில் மாற்றமில்லை. முலாஹே அரை ஓர்க், பூசாரி, அந்த வரம்பைத் தாண்டியவன். இது தெரியாமல் என்னிடம் இருந்த இரண்டில் ஒரு மந்திரத்தை அவன் மேல் வீசினேன். அவன் கொட்டாவிகூட விடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முலாஹேயின் குகைக்குள் போனதும், அவனுடைய தலைவன் தாசோக் அனுப்பிய ஆட்களா நீங்கள் என்று கேட்கிறான். பேச்சுவார்த்தை முற்றிக் கொஞ்சம் அடி விழுந்ததும் சரணடைகிற மாதிரி ஒரு நாடகம். நான் வெள்ளந்தியாக நின்று கேட்டுக்கொண்டிருந்தபோதே பக்கத்துச் சந்துகளிலிருந்து கோபால்டுகளும் எலும்புக்கூடுகளும் கிளம்பிவிட்டன. எலும்புக்கூட்டுக்குத் தூக்கம் கிடையாது, செத்தவனுக்கு என்ன தூக்கம். அம்பும் அவற்றுக்கு உறைக்காது, ஜஹீராவின் தடிதான் சரி.

இங்கேதான் விஷயம். நாலு பேராக இருந்ததால் ஒவ்வொரு நொடியும் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேலை சொன்னேன். இமோயென் முலாஹே மீது மட்டும் அம்பு. மந்திரம் சொல்ல வாயெடுக்கும்போது அடி பட்டால் மந்திரம் கெட்டுவிடும். மின்ஸ்க் அவன் எதிரே. ஜஹீரா எலும்புகளிடம். நான் மீதமிருந்த தூக்க மந்திரத்தைக் கோபால்டுகள் பக்கம் வீசிவிட்டு மூலையில் ஒதுங்கினேன். யாரும் சாகவில்லை. ஐந்து பேராக இருந்தபோது மொத்தமாக இழுத்துத் தேர்ந்தெடுத்து, ‘எல்லோரும் போங்கடா’ என்று ஒரே தட்டு தட்டிக்கொண்டிருந்தேன். காலித் செத்ததும் அதே அலட்சியத்தில்தான்.

இதை அம்பாசமுத்திரத்துக்காரர் தன் வெற்றியாக எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 15, சாயங்காலம்

அவர் எடுத்துக்கொண்டார். மூன்று பேரோடு சுரங்கத்தை முடித்த கதையை நீளமாக எழுதியிருக்கிறார். அதில் ஒன்பது தடவை லோடு செய்ததை ஒரே வரியில் தாண்டிப் போகிறார்.

ஜூன் 17

சேர வேண்டிய ஆள் ஒருவன் முலாஹேயின் குகையிலேயே இருக்கிறான், சொல்ல மறந்துவிட்டேன். ஸான். எல்ஃப் மந்திரவாதி, அங்கே கைதி. அவனுடைய நிலவாள் முலாஹேயின் பெட்டியில் இருக்கும், எடுத்து அவனிடமே கொடுக்க வேண்டும். வேறு யாருக்கும் அது பயன்படாது. காப்பாற்றினால் நன்றி சொல்வானா என்றால், நாம் எல்லோரும் சாகத்தான் போகிறோம் என்ற பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுகிறான். எங்கள் ஆச்சி கடைசி காலத்தில் இதே சுருதியில்தான் பேசினாள், தொண்ணூறு வரை இருந்தாள்.

அதே பெட்டியில் இருக்கும் கடிதங்களை விற்றுவிடாதீர்கள், படியுங்கள். யார் சொல்லி இந்தத் திரவம் வருகிறது, அடுத்து எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. 2003இல் அத்தான் ‘காகிதம்தானே’ என்று படிக்காமல் விட்டு, இரண்டு வாரம் காட்டில் சுற்றினோம்.

ஜூன் 22, ஞாயிறு

நாஷ்கெல்லுக்குத் திரும்பி வந்தேன். காலித்தைக் கோயிலில் எழுப்புவதற்கு முன்னால், ஊருக்குள்ளேயே நிம்புல் என்கிற கூலிக் கொலைகாரன் வழிமறித்தான். சுரங்கத்தை முடித்த மிதப்பில் சேவ் செய்யவில்லை. அவன் கண்ணாடிப் பிம்பம்போல் நாலைந்தாகத் தெரிகிறான், எதை அடிப்பது என்று தெரியவில்லை, மிரட்சி மந்திரத்தில் ஜஹீரா தலைதெறிக்க ஓடுகிறாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. லேப்டாப் பேட்டரி போன வருஷமே செத்தது.

கரண்ட் வந்து பார்த்தால், ஊருக்குள் நுழைந்தபோது ஆட்டம் தானாகச் சேவ் செய்திருந்தது. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது அது தானாகவே செய்துகொள்ளும். இது சத்தியத்தை மீறியதில் சேருமா? சேராது என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தடவை ஸான் துணையோடு நிம்புலை முடித்தாயிற்று. காலித் எழுந்துவிட்டான். எழுந்ததும் கையில் வாள் இல்லாமல் நிற்கிறான், ஏனென்றால் கனம் தாங்காமல் மின்ஸ்க் அதை வழியில் போட்டுவிட்டான். நான்தான் போடச் சொன்னேன்.

ஜூலை 5

சித்தப்பாவின் கேள்விக்குச் சித்தப்பாவே பதில் கொண்டுவந்தார். பட்டறையில் கூட வேலை பார்த்த பழைய நண்பரிடம் பேசியிருக்கிறார். கந்தகம் கூடின இரும்பு சிவக்கக் காய்ச்சி அடிக்கும்போதே விரிசல் விடும், அதை அடிக்கிறவன் உடனே கண்டுபிடிப்பான். ஆனால் பாஸ்பரஸ் கூடின இரும்பு காய்ச்சும்போது சமர்த்தாக வளையும், ஆறினதற்கு அப்புறம்தான் ஒடியும். “அப்ப உன் நாய்மூஞ்சி ஊத்தினது ரெண்டாவது ஜாதி மருந்துலே. கொல்லனைக் குத்தம் சொல்லப்படாது.”

ஆட்டத்தை எழுதியவர்கள் இவ்வளவு யோசித்திருப்பார்களா தெரியாது. ஆனால் சித்தப்பாவுக்குத் திருப்தி. இப்போது தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, “இன்னிக்கு என்ன ஒடிஞ்சுது?” என்று கேட்கிறார்.

ஜூலை 12, சனி

இந்த வாரம் நெல்லையப்பர் தேர். லீவு கிடைத்ததால் மறுநாளையும் சேர்த்துப் போட்டு, அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு ஆதிச்சநல்லூர் போய்விட்டு வந்தேன். கண்ணாடித் தரைக்கு அடியில் தாழிகள் அப்படியே குழியில் இருக்கின்றன, மேலே நாம் நடக்கிறோம். மருமகன் தயங்கி நின்று, “மாமா, மிதிச்சா ஏதாவது பொறி இருக்குமா?” என்றான். அவனுக்கும் ஆறு நொடி எண்ணச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

பக்கத்தில் சிவகளை. அங்கே கிடைத்த மாதிரிகளை ஆய்வு செய்து, இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் 3345 வரை போகிறது என்று இந்த ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. வீட்டுக்கு வந்து இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். “நம்ம ஆத்தங்கரையில அப்பவே இரும்பு, உன் ஊர்ல இன்னும் ஒடிஞ்சிட்டு இருக்கு” என்றார். நாஷ்கெல் என் ஊராகிவிட்டது அவருக்கு.

ஜூலை 13

அம்பாசமுத்திரத்துக்காரருக்குக் கடைசியாக: ஆறு என்று நான் அடித்துப் பேசியது தப்பு. மூன்று என்று நீங்கள் சொன்னதும் ஒன்பது லோடில் வந்த மூன்று. சுரங்கத்தின் அகலத்துக்கு நாலு போதும், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வெளிக்காட்டுக்கு ஆறும் வேண்டும், அங்கே ஓநாயும் கொள்ளைக்காரனும் நாலு பக்கமும் வருவான்.

ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க எனக்கு இப்போது நேரமில்லை. தன் தோழி டைனஹேரை மீட்க மேற்கே நோல் என்ற அரக்கர்களின் கோட்டைக்குப் போக வேண்டும் என்று மின்ஸ்க் சேர்ந்த நாளே சொன்னான். சுரங்கம் சுரங்கம் என்று நான் இழுத்தடித்ததில் அவன் பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் தாமதித்தால் நம் மேலேயே வாளை உருவுவான். காலித்துக்கு ஒரு வாள் வாங்கியதும் கிளம்புகிறேன்.